நடுப்பெட்டிக்கு ஊற்றிய எண்ணெய்

கார்காலம் அந்த மலையடிவாரத்துக்கு விருந்தாளியைப்போல் வருவதில்லை, வீட்டுக்காரியைப்போல் வரும். முதலில் முகட்டை மூடும். பிறகு மரங்களின் நிறங்களைக் களைந்து மடித்து வைக்கும். அதன்பின் பறவையொலி, மணியொலி, கடைத்தெருவின் கூவல் என்று ஒவ்வோர் ஓசையாக அவித்துவிட்டுத் தன் ஓசை ஒன்றையே மிச்சம் விடும். காலை இது, மாலை இது என்று பிரித்தறிய இயலாத ஒரே சாம்பல் வெளிச்சத்தில் பகல் கழியும். துவைத்த துணி உலராது. தீக்குச்சி முதல் உரசலில் பற்றாது. உப்பு ஜாடிக்குள்ளேயே நீர்த்துப்போகும். மழையை வரமென்று பாடிய பழம்பாடல்கள் எல்லாம் சமவெளியில் நின்று பாடப்பட்டவை போலும். கணவாயைக் கடந்தே தீரவேண்டியவர்களுக்கு அது சாத்திய கதவு.

அவ்வாண்டு அந்தக் கதவு முன்னதாகவே சாத்திக்கொண்டது. கணவாய்ச் சாலையின் மேல்வளைவுகளில் மண் சரிந்து சேறு கட்டியது. பேருந்து நின்றது. அப்பாலுள்ள மருத்துவமனையின் ஊர்தியும் பாதி மலை ஏறிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி மட்டுமே அந்தச் சேற்றில் ஏறும். அடிவாரத்தில் அப்படி ஒரே ஒரு கார் இருந்தது. அது அவள் வீட்டுக் கார்.

அவளுடைய கணவன் அந்தக் காரில் ஆட்களை மலைக்கு அப்பால் ஏற்றிச் சென்று பிழைத்தவன். இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்ட பிறகு ஓட்டுநர் இருக்கை அவளுடையதாயிற்று, பின்னிருக்கை அவனுடையது. குறித்த முறை தவறாமல் அவனைக் கணவாய்க்கு அப்பால் கொண்டுபோய் டயாலிசிஸ் எந்திரத்தோடு பிணைத்துவிட்டு, உடலிலிருந்து நஞ்சும் நீரும் இறங்கிய பின் திரும்பக் கொண்டுவருவாள். ஒரு முறை தவறினால் கால் வீங்கும். மறுமுறையும் தவறினால் நீர் மூச்சுக்கு ஏறும்.

ஒரு முறை தவறிவிட்டது. மறுமுறை இன்று.

அவன் படுக்க முடியாமல் கட்டிலில் மூன்று தலையணைகளுக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகம் ஊதிக் கண்கள் சிறுத்திருந்தன. பக்கத்தில் அவனுடைய அக்கா, அதாவது அவளுடைய நாத்தனார், கையில் தேக்கரண்டியுடன் காவல் இருந்தாள். நாளெல்லாம் வாய்க்குள் தோத்திரம் முணுமுணுப்பவள். இடையிடையே அதே வாயால் எல்லாரையும் வைவதற்கும் அவளுக்கு நேரம் இருந்தது.

"அக்கா, நாக்கு ஒட்டுது. ஒரு வாய் தண்ணி."

"வாய்க் கணக்கெல்லாம் கிடையாது. கரண்டிக் கணக்குதான். இந்தா, நனைச்சுக்க. முழுங்காதே, அப்படியே வெச்சிரு."

"வெளிய ஊரே முழுகுற அளவுக்குக் கொட்டுது. எனக்கு ஒரு கரண்டி!"

"நீயும்தான்டா உள்ளுக்குள்ள முழுகிக்கிட்டு இருக்கே. பேசாம இரு."

வீட்டையொட்டிய தகரக் கொட்டகையில், ஈரமண்ணில் சாக்கு விரித்து, அவள் காருக்கடியில் மல்லாந்து கிடந்தாள். அவளருகே மெக்கானிக் கிடந்தான். எதற்கெடுத்தாலும் "பொறுங்க, பொறுங்க" என்பதால் ஊரார் அவனைப் பொறுமை என்றே அழைத்தார்கள். இருவர் முகத்துக்கும் மேலே, காரின் வயிற்றில், நோய் இருந்த இடம் தொங்கியது: இயந்திரத்தின் வலிமையை வாங்கி முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் இரும்புப் பெட்டி. மெக்கானிக்குகள் அதை டிரான்ஸ்ஃபர் கேஸ் என்பார்கள். அவள் கணவன் நடுப்பெட்டி என்பான். வீட்டிலும் அதுவே பெயராகிவிட்டது.

நடந்தது இதுதான். மழைக்கு முன்பே நடுப்பெட்டியின் பின்புறத்தில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல் தேய்ந்து, கொட்டகைத் தரையில் சிவப்புச் சொட்டு விழத் தொடங்கியிருந்தது. புதுச் சீல் கணவாய்க்கு அப்பாலிருந்து வரவேண்டும். வருவதற்குள் சாலை அடைபட்டது. பொறுமையும் அவள் கணவனும் கலந்து யோசித்தார்கள். மெல்லிய எண்ணெய் என்பதால்தானே ஒழுகுகிறது? கெட்டியான கியர் ஆயிலை ஊற்றினால் நிற்குமே! ஊற்றினார்கள். மறுநாள் தரை உலர்ந்து கிடந்தது. அந்த உலர்ந்த தரையைப் பார்க்கக் கணவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தான். நாத்தனாரும் தோத்திரத்தை நிறுத்திவிட்டு வந்து பார்த்தாள். அன்று அவனுக்கு ஒரு கரண்டித் தண்ணீர் அதிகம் கிடைத்தது.

அடுத்த பயணத்தில் வளைவுகளில் ஒரு முனகல் கேட்டது. மழையின் ஓசை என்று விட்டுவிட்டாள்; ஒழுகல்தான் நின்றதே என்று அப்பாலிருந்து புதுச் சீலும் வாங்கி வரவில்லை. அதற்கடுத்த முறை, கொண்டையூசி வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தபோது, பின்னாலிருந்து யாரோ இழுத்துப் பிடிப்பதுபோல் வண்டி அதிர்ந்து அதிர்ந்து நின்றது. கருகிய வாடை எழுந்தது. குலுங்கவே கூடாத ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு, திருப்ப இடமின்றி, மூன்று வளைவுகளைப் பின்னோக்கியே இறக்கி வீடு வந்து சேர்ந்தாள். தவறிய முறை அதுதான்.

"எண்ணெய் ஒழுகலேன்னு அன்னிக்கு மேளம் வெக்காத குறை," என்று உள்ளிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. "அந்தப் பொறுமை எங்கே? அவன் மூஞ்சியை நான் பார்க்கணும்."

"பொறுங்க அக்கா, வண்டிக்கடியில இருக்கேன்."

"அங்கேயே இரு. வெளிய வந்தா நான் பொறுக்க மாட்டேன்."

பொறுமை அவள் பக்கம் திரும்பினான். "தங்கச்சி, நான் மறைக்கலை. நான் பழகினதெல்லாம் பழைய வண்டி. லீவரைப் போட்டா நாலு சக்கரம், எடுத்தா ரெண்டு. உள்ள பல்சக்கரமும் சங்கிலியும்தான். கெட்டி எண்ணெய்தான் அதுக்குத் தீனி. இது தானா பிடிச்சுக்கிற வண்டி. இதுக்குள்ள என்ன இருக்குன்னு நான் பிரிச்சுப் பார்த்ததே இல்லை."

"முன்சக்கரத்துக்குப் போற ஷாஃப்டைக் கழட்டிட்டுப் பின்சக்கரத்துலயே ஏத்திடலாமா அண்ணே?"

"சேத்துல நின்ன இடத்துலயே சுத்தும். அப்புறம் உருள வேண்டியதுதான்."

அவள் மேலே கை நீட்டினாள். நடுப்பெட்டியின் மேல் சேறு அப்பிய ஓரிடத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். சிறிய தகட்டில் பொறித்த எழுத்துகளும் எண்களும் தெரிந்தன. அவற்றை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு எழுந்தாள்.

கடைத்தெருவின் கோடியில் எண்ணெய்க்கடை. தெருவில் வாகனம் எதுவும் இல்லை. கூரை நுனிகளிலிருந்து நீர் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரர் சொல்லைச் சில்லறைபோல் எண்ணிச் செலவழிக்கும் மனிதர். அவள் கையை விரித்துக் காட்டியதும் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.

"லீவர் உண்டா?"

"இல்லைங்க. தானா பிடிச்சுக்கும்."

"அப்ப உள்ள தட்டு அடுக்கியிருக்கும். தட்டுக்குக் கெட்டி எண்ணெய் ஆகாதும்மா. நேரா போறப்ப ஒண்ணையொண்ணு பிடிக்கணும். திரும்புறப்ப விட்டுக் கொடுக்கணும். கெட்டி ஊத்தினா விட்டுக் கொடுக்காது. மல்லுக்கு நிக்கும்."

"அதுதாங்க பண்ணுச்சு." அலமாரியில் சிவப்பு எண்ணெய் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. பழைய சொட்டின் நிறம் அவளுக்கு நினைவிருந்தது. "இது சிவப்பாதானே இருக்கு? இதையே கொடுங்க."

"நிறத்தைப் பார்த்து எண்ணெய் எடுக்காதீங்க. அது தானா மாறுற கியர்பெட்டிக்கு. ஏறும். பாதி மலையில வழுக்கும். இதுக்குன்னு தனியா ஒண்ணு வரும்."

அவர் உள்ளே போனார். எதையெதையோ நகர்த்தும் ஓசை கேட்டது. கடைக்காரர் ஓரம் நசுங்கிய ஒற்றை டப்பாவுடன் திரும்பினார். அதன் முதுகிலிருந்த எண்களையும் அவள் கையிலிருந்த எண்களையும் மாற்றி மாற்றிப் படித்தார்.

"இதேதான். யாரோ வேணும்னாங்க, வரவெச்சேன், வாங்க வரலை. இது ஒண்ணுதான் இருக்கு. உங்க பெட்டிக்குச் சரியா இருக்கும். மேல ஊத்த மிச்சம் இருக்காது."

"சீல் போயிருக்குங்க."

அவர் டப்பாவைக் கொடுக்க நீட்டிய கையைத் தாமதித்தார். "அப்ப நிக்காதும்மா. இது தண்ணி மாதிரி."

"எவ்வளவு தூரம் நிக்கும்?"

"அதைச் சீல்கிட்டதான் கேக்கணும்."

"குறையுறதுக்கு அந்தச் சிவப்பைக் கலந்துக்கலாமா?"

"கலந்தீங்கன்னா ரெண்டு குணமும் போயிரும். காலியா ஓடினாலும் பெட்டி போயிரும். நான் சொல்லிட்டேன்."

மழையில் நடந்து வரும்போது அவள் முன் இரண்டே வழிகள் நின்றன. நிற்கிற எண்ணெய் ஆகாதது. ஆகிற எண்ணெய் நிற்காதது. ஒன்றில் வண்டி வளைவில் சிக்கும்; மற்றதில் வழியில் வறண்டு வேகும். எதைத் தேர்ந்தாலும் பின்னிருக்கையில் அவன் இருப்பான். தேராமல் வீட்டிலேயே இருந்தாலோ, இரவைத் தாண்டுவது அரிது என்று அவன் மூச்சே சொல்லிக்கொண்டிருந்தது. வழிநெடுக அவள் தெய்வத்தின் பெயர் ஒன்றைச் சொல்ல முயன்றாள். டப்பாவின் எண்தான் நாவில் வந்தது.

கொட்டகைக்குள் நுழைந்தவள் பொறுமையின் கையில் ஸ்பானரைக் கண்டாள். பழைய எண்ணெயை வடிக்கும் அடிநட்டில் அவன் அதைப் பொருத்தியிருந்தான். அதற்குள் உள்ளேயிருந்து கட்டிலின் கிறீச்சொலியும் அதைத் தொடர்ந்து ஒரு கூவலும் வந்தன.

"ஊத்துற நட்டு... முதல்ல ஊத்துற நட்டைக் கழட்டு! அது வரலைன்னா... அடிநட்டைத் தொடாதே!"

அந்தச் சொற்களுக்குக் கணவன் கொடுத்த விலை பெரிது. கூவிவிட்டு நெடுநேரம் இருமினான். "கத்தாதேடா, பாவி, நான் போய்ச் சொல்ல மாட்டேனா!" என்று நாத்தனார் அழுகிற குரலில் வைதாள். பொறுமை ஸ்பானரைக் கீழே வைத்தான். இருந்த எண்ணெயை வடித்துவிட்டு, புதியதை ஊற்றும் துளை திறக்காமல் போயிருந்தால், வண்டி நின்ற இடத்திலேயே நின்றிருக்கும்.

கணவன் சொன்னது சரிதான். பக்கவாட்டிலிருந்த ஊற்றும் நட்டு துருவேறி, பெட்டியோடு பெட்டியாக இறுகியிருந்தது. ஸ்பானர் வழுக்கியது. விளிம்பு மழுங்கத் தொடங்கியது. சுற்றிலும் நெருப்புக் காட்டிச் சூடேற்றினார்கள். மெழுகை உருக்கி இடுக்கில் இறக்கினார்கள். சுத்தியலால் மெல்ல, குழந்தையைத் தட்டி எழுப்புவதுபோல் தட்டினார்கள். ஸ்பானரின் கைப்பிடியில் இரும்புக் குழாயைச் செருகி இருவரும் சேர்ந்து தொங்கியபோது, எலும்பு முறிவதுபோல் ஓர் ஓசை வந்தது. முறிந்தது துரு. நட்டு திரும்பியது.

பிறகு அடிநட்டைத் திறந்தார்கள். கெட்டி எண்ணெய் கறுத்து, மனமில்லாதவன் நடப்பதுபோல் தயங்கித் தயங்கி இறங்கியது. அதில் தேய்ந்த உலோகத்தின் பொடி மின்னிற்று. கருகல் வாடை கொட்டகையை நிறைத்தது. கடைசிச் சொட்டுக்காக அவர்கள் காத்திருந்தார்கள். பொறுமைகூட அப்போது "பொறுங்க" என்று சொல்லவில்லை. புதியதைக் கைப்பம்பால் ஏற்றினார்கள். துளையின் வாய்வரை வந்ததும் டப்பா காலியாயிற்று.

நாத்தனார் வாசலில் வந்து நின்றாள். "ஒழுகுமா?"

"ஒழுகும் அண்ணி."

"ஒழுகுறதைப் பிடிச்சுத் திரும்ப ஊத்தினா?"

இருவரும் அவளை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"என்ன பார்க்குறீங்க? பால் பொங்கினா தட்டுல விழுந்ததை வழிச்சு ஊத்திக்கிறது இல்லையா?" அவள் அடுக்களைக்குள் போய் ரொட்டி சுடும் ஆழமான தகரத் தட்டைக் கொண்டுவந்தாள். "வடிகட்ட வெள்ளைத்துணியும் எடுத்துக்கிறேன். நானும் வர்றேன். அவனைப் பிடிச்சுக்க ஆள் வேணும்."

பொறுமை தட்டைச் சீலுக்கு நேர் கீழே கம்பியால் இழுத்துக் கட்டினான். சேறு தெறிக்காமல் இருக்கப் பழைய டியூப் ரப்பரை வெட்டிச் சுற்றிலும் திரை தைத்தான். பிறகு அவனும் நாத்தனாரும் சேர்ந்து நோயாளியைத் தூக்கிப் பின்னிருக்கையில் உட்காரவைத்தார்கள். கார் புறப்படும்போது பொறுமை சன்னலருகே வந்து, "தங்கச்சி, நான்தான் கெட்டி எண்ணெய்..." என்று தொடங்கினான்.

"அப்புறம் பேசிக்கலாம் அண்ணே. வழியை விடுங்க."

முதல் கொண்டையூசி வளைவில் அவள் ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்தாள். அதிர்வுக்குக் காத்திருந்தாள். வண்டி அதிரவில்லை. பால்குடித்த கன்றுபோல் வழுவழுவென்று திரும்பிற்று.

"விட்டுக் கொடுக்குது," என்றாள், யாரிடமும் இல்லாமல்.

"கட்டின நாள்லேருந்து இந்தக் குணத்தை உன்கிட்டதான் எதிர்பார்த்தேன்," என்றான் பின்னாலிருந்து அவன். பாதி மூச்சில் வந்த அந்தப் பரிகாசத்துக்கு அவள் சிரித்தாள். சிரித்தது கண்ணை மறைத்தது, துடைத்துக்கொண்டாள்.

சேறு தொடங்குமுன் முதல் நிறுத்தம். அவள் காருக்கடியில் புகுந்தாள். மழைநீர் சாலையின் சரிவில் ஓடிவந்து அவள் முதுகின் அடியில் புகுந்து கால்வழியே வெளியேறியது. நாத்தனார் பாதி உடலை நனையவிட்டுக் குடையை அவள் தலைப்பக்கம் சாய்த்துப் பிடித்தாள். தட்டில் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே தேங்கியிருந்தது. வெள்ளைத்துணியில் வடித்து, பம்பில் இழுத்து, ஊற்றும் துளையில் ஏற்றினாள். நட்டை முடுக்கினாள். மறுபடி புறப்பட்டாள். இடையில் காற்று குடையைத் திருப்பியது. நாத்தனார் அதைச் சாலையோரம் எறிந்துவிட்டுத் தன் சேலையை விரித்துப் பிடித்தாள். மூன்றாம் முறை அவள் காருக்கடியிலிருந்து சேறு பூசி எழுந்தபோது, கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டிருந்த கணவன் சொன்னான்:

"அங்க எனக்குப் பண்றதை... இங்க நீ இதுக்குப் பண்றே. எடுத்து, வடிகட்டி, திரும்ப ஏத்துறே."

"அப்ப இது போய்ச் சேர்ற வரைக்கும் நீங்களும் போய்ச் சேரணும். பேசாம மூச்சை மட்டும் விடுங்க."

சேற்றில் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுத்தன. ஒன்று வழுக்கும்போது மற்றது பிடித்தது; நான்குபேர் ஒரு பாரத்தைச் சுமப்பதுபோல் மாற்றி மாற்றித் தோள் கொடுத்தன. முகட்டை எட்டியபோது அவளுக்குக் கையும் காலும் தன்னுடையவை என்ற உணர்வே இல்லை. மேகத்துக்குள் நின்ற முகட்டில் எதிரே ஒரு முழம்கூடத் தெரியவில்லை. இறக்கத்தில் கால்வாசி கடந்திருப்பாள். சரிந்துகிடந்த கல்லொன்று வண்டியின் அடியை உரசியது. தகரம் கிழிபடும் ஓசை எழுந்தது. எதுவோ கலகலவென்று பின்னால் உருண்டு பள்ளத்தில் விழுந்தது.

அவள் இறங்கிப் பார்த்தாள். தட்டு இல்லை. கம்பி மட்டும் தொங்கியது. சீலிலிருந்து எண்ணெய் நூலாக இறங்கி, சாலையில் ஓடிய மழைநீரில் வானவில் நிறங்களாகப் பிரிந்து போய்க்கொண்டிருந்தது. அவள் இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து அதன் கீழே ஏந்தினாள். நிறைந்தது. நிறைந்ததை எங்கே ஊற்றுவது? விரலிடுக்கில் அதுவும் வழிந்து போயிற்று.

"அண்ணி..."

"எழுந்திரு."

"பாத்திரம் இல்லை அண்ணி. எண்ணெயே இருக்காது. பெட்டி வெந்துடும்."

"வேகட்டும். எழுந்திரு. இவன் உதடு நீலமாயிருச்சு."

அதற்குமேல் அவள் நிற்கவில்லை. அந்த இறக்கத்தை அவள் ஓட்டினாள் என்பதைவிட, வண்டியோடு சேர்ந்து நொந்தாள் என்பதே பொருந்தும். முதலில் ஒரு மெல்லிய சிணுங்கல். பிறகு புலம்பல். அடுத்து, வளைவுக்கு வளைவு ஏறிக்கொண்டே போன ஓர் ஊளை. இரும்பு இரும்பைத் தின்கிற ஓசை. பின்னிருக்கையில் நாத்தனார் தம்பியின் மார்பைத் தன் மார்போடு சாய்த்து, அவன் மூச்சுவிடத் தானும் சேர்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அவன் கண் திறக்கவில்லை. "இன்னும் கொஞ்சம்," என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். காரிடமா கணவனிடமா என்பது அவளுக்கே தெரியவில்லை. சாலை சமமானது. விளக்குகள் தெரிந்தன. மருத்துவமனையின் வாயிலைக் கடந்து முற்றத்தில் பாதி போயிருக்கும்போது நடுப்பெட்டிக்குள் ஏதோ உடைந்தது. வண்டி ஒரு முறை எம்பி நின்றது. பிறகு அசையவில்லை.

காக்கிச் சட்டைக் காவலாளி ஓடிவந்து, "இங்க நிறுத்தக்கூடாதும்மா!" என்றார். உள்ளே எட்டிப் பார்த்தவர் உடனே தள்ளுக்கட்டிலுக்குக் குரல் கொடுத்தார்.

அவனைக் கொண்டுபோன கதவு சாத்திக்கொண்டது. வெகுநேரம் யாரும் வரவில்லை. பிறகு ஒரு செவிலி பாதிக் கதவைத் திறந்து, "மெஷின்ல போட்டாச்சு. ரொம்பத் தாமதமா வந்திருக்கீங்க. இன்னும் ஒண்ணும் சொல்ல முடியாது. ரத்தம் ஓடுது," என்றாள்.

"மூச்சு?"

"விடுறாரு. இருங்க."

முற்றத்தில் கார் நனைந்துகொண்டிருந்தது. இனி அது மலை ஏறாது. மழை விடும்வரை வீடு திரும்ப வழியில்லை. அடுத்த வேளைச் சோறு எங்கே, இரவு தங்குவது எங்கே என்பதும் தெரியாது. அவள் அவற்றையெல்லாம் நினைக்க முயன்றாள். ஒன்றும் நினைவில் தங்கவில்லை. தாழ்வாரத்துக் குழாயில் கை கழுவினாள். சேறு போயிற்று. எண்ணெயின் வழவழப்பு போகவில்லை.

சாத்திய கதவின் பக்கத்துச் சுவருக்கு அப்பால் எந்திரம் சுழலும் மெல்லிய ஓசை சீராக வந்துகொண்டிருந்தது. அவள் அந்தச் சுவரருகே போனாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். ஈரம் சொட்டும் கைகளைக் குவித்து, கண்களை மூடி, நெற்றியைச் சுவரில் பதித்தாள். கேட்க வேண்டியவை ஆயிரம் இருந்தன. ஒன்றையும் கேட்கவில்லை. உள்ளே ஓடுகிற அந்த ஓசை ஓடும்வரை தன் நெற்றியை எடுப்பதில்லை என்பதுபோல் நின்றாள்.

நாத்தனார் பின்னால் வந்து, நனைந்து கனத்த அவள் தலைமேல் இரண்டு கைகளையும் வைத்தாள்.

"நல்லா இரு. அவன் மூச்சு நிலைக்கட்டும், உன் மனசு ஆறட்டும். ஒரு குறையும் இல்லாம ரெண்டுபேரும் நெடுநாள் இருங்க."